சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்: முதலில் நகல், அப்புறம் வைத்தியம்

நகலெடுப்பதைக் காட்டும் பச்சைப் பட்டை 47 சதவீதத்தில் நின்றுவிட்டது. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் அது. முகூர்த்தப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மீதி நேரம் 6 நிமிடம் என்று காட்டியது 40 நிமிடமாகி, இப்போது 3 மணி நேரம் என்கிறது. மவுஸ் நகர்கிறது, எதை அழுத்தினாலும் திரை வெளுத்து நிற்கிறது. கேபினெட் பக்கம் காதை வைத்தால் சன்னமாக ஒரு சத்தம். டிக். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி டிக். தாலி கட்டும் நேரத்தில் எடுத்த ஏதோ ஒரு படத்தில், கண்ணுக்கே தெரியாத ஓரிடத்தில், டிஸ்க் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த இடத்துக்குப் பெயர் பேட் செக்டர். சர்வீஸ் கடைக்குப் போனால் ‘பேட் செக்டர் விழுந்திருக்கு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். விழுந்தது எப்படி, அது பரவுமா, அதை எடுக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை. பத்து வருடப் படங்கள் பிழைக்குமா என்பது, டிஸ்க் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதையும் பொறுத்தது.

தட்டுக்குள் என்ன நடக்கிறது?

ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன பளபளப்பான தட்டுகள் தெரியும். மேலே மெல்லிய காந்தப் பூச்சு. மேஜைக் கம்ப்யூட்டரின் 3.5 அங்குல டிஸ்க்கில் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும். அந்தக் கணக்கில் தட்டின் வெளி விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் படிக்கும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70,000 நானோமீட்டர் இருக்கும். இந்த இடைவெளியில் தூசு என்பதெல்லாம் பாறாங்கல்.

தகவல் செக்டர் செக்டராக எழுதப்படுகிறது. வெகுகாலம் ஒரு செக்டர் 512 பைட்டாக இருந்தது. 2010, 2011 வாக்கில் புது டிஸ்க்குகள் 4,096 பைட்டுக்கு மாறின. ஒவ்வொரு செக்டரின் பின்னாலும் பிழைதிருத்தும் குறியீடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். புத்தம்புது டிஸ்க்கிலும் படிக்கும்போது பிட்டுகள் தவறிக்கொண்டேதான் இருக்கும். இந்தக் குறியீடு அதை ஓசைப்படாமல் திருத்திவிடும். தவறுகள் அதன் சக்திக்கு மீறினால் டிஸ்க் மறுபடி படித்துப் பார்க்கும். ஹெட்டை ஒரு துளி இப்படி நகர்த்தும், அப்படி நகர்த்தும், வாங்கும் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் தட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர வேண்டும். அதற்கு 8.3 மில்லிவிநாடி. கேட்க அற்பம்தான். ஒரே செக்டருக்கு நூற்றுக்கணக்கில் முயன்றால் விநாடிகள் ஆகும், சில டிஸ்க்குகளில் அரை நிமிடம்கூட ஆகும். அதுவரை விண்டோஸ் பதிலுக்காகக் காத்து நிற்கும். 6 நிமிடம் 3 மணி நேரமாவது இப்படித்தான்.

பேட் செக்டரில் இரண்டு சாதி உண்டு. முதலாவது நிஜக் காயம். ஹெட் தட்டில் உரசியிருக்கும், அல்லது பூச்சு பெயர்ந்திருக்கும். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேஜையிலிருந்து விழுவது இதற்குச் சுலபமான வழி. இந்தக் காயம் பரவும். உரசலில் கிளம்பும் துகள் உள்ளேயே சுற்றும், ஹெட்டில் ஒட்டும், அடுத்த கீறலைப் போடும். இரண்டாவதில் தட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், பாதி புதுத் தகவல், பாதி பழையது என்று நின்றுவிட்டிருக்கும். குறியீடு பொருந்தாததால் டிஸ்க் அந்த இடத்தைப் படிக்க மறுக்கும். அதன் மேல் புதிதாக ஒரு முறை எழுதிவிட்டால் செக்டர் பழையபடி சரியாகிவிடும். 2012 வாக்கில் மின்வெட்டோடு குடும்பம் நடத்திய தமிழ்நாட்டில், யூபிஎஸ் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

டிஸ்க் ஒளித்துவைக்கும் கணக்கு

1980களில் வந்த டிஸ்க்குகளின் மேல் லேபிளில் பழுதான இடங்களின் பட்டியலை அச்சடித்தே ஒட்டியிருப்பார்கள். டிஸ்க்கைப் பொருத்துகிறவர் அந்த எண்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பழுதில்லாத தட்டு என்று ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இன்று அந்தப் பட்டியல் டிஸ்க்கின் உள்ளேயே ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். தொழிற்சாலையில் கண்டுபிடித்த பழுதுகளுக்கு ஒரு பட்டியல், வாங்கிய பிறகு சேர்ந்த பழுதுகளுக்கு இன்னொன்று. ஈடுகட்ட உதிரி செக்டர்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். எழுதும்போது ஓரிடம் கெட்டிருப்பது தெரிந்தால், டிஸ்க் சத்தமில்லாமல் ஓர் உதிரியை அதன் இடத்தில் போட்டுவிடும்.

படிக்கும்போது தெரிந்தால் கதை வேறு. உள்ளே இருப்பதைப் படிக்கவே முடியவில்லை. உதிரியில் எதைக் கொண்டுபோய் எழுதுவது? வெறும் சுழியங்களை எழுதி ‘எல்லாம் சரி’ என்று டிஸ்க் பொய் சொல்வதில்லை. அந்த மட்டில் அது நேர்மையான கருவி. ‘படிக்க முடியவில்லை’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, செக்டரைச் சந்தேகப் பட்டியலில் வைக்கும். யாராவது அந்த இடத்தில் புதிதாக எழுதும் வரை அது அங்கேயே கிடக்கும். எழுதியதும் சோதித்துப் பார்க்கும். தேறினால் பட்டியலிலிருந்து விடுதலை, தேறாவிட்டால் உதிரிக்கு மாற்றம். இரண்டில் எது நடந்தாலும் பழைய தகவல் கைவிட்டுப் போய்விடும்.

பேட் செக்டர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதுதான். ‘பேட் செக்டரை எடுக்கும்’ மென்பொருள்கள் பலவும் செய்வது, அந்த இடத்தில் எதையாவது எழுதுவது. எழுதியதும் பழுது மறையும். கூடவே படமும் மறையும். ‘உதிரியெல்லாம் தீர்ந்த பிறகுதான் பேட் செக்டர் வெளியே தெரியும்’ என்று கடைகளில் சொல்லப்படுவதும் தவறு. உதிரி ஆயிரக்கணக்கில் மிச்சமிருக்கும்போதே, படிக்க முடியாத முதல் செக்டர் வெளியே தெரிந்துவிடும்.

பெட்டிச் செய்தி: சிவப்பு விளக்குக்கு முன்னால் பார்க்க வேண்டிய எண்கள்

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலைக் குறிப்பை ‘ஸ்மார்ட்’ என்ற பெயரில் எழுதிவைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் ஆகிய இலவச மென்பொருள்களில் பார்க்கலாம்.

எண் 5: உதிரிக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். எண் 197: சந்தேகப் பட்டியலில் காத்திருப்பவை. எண் 198: டிஸ்க் தானே சோதித்தபோது படிக்க முடியாதவை. எண் 187: திருத்த முடியாமல் கம்ப்யூட்டரிடம் கையை விரித்த தடவைகள். எண் 188: கட்டளைக்கு நேரத்தில் பதில் வராத தடவைகள்.

எண் 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் கெட்ட தகவலின் கணக்கு, தட்டைப் பற்றியதல்ல.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல எண்களை இயல்பாகப் பதினாறடிமான முறையில் காட்டும். 64 என்றிருந்தால் அது 100. ‘நலம்’ என்று நீலக் கட்டம் இருந்தாலும் இந்த வரிகளைத் தனியாகப் பார்ப்பதே நல்லது.

எண்களை எவ்வளவு நம்புவது?

இதற்குப் பெரிய அளவில் விடை தேடியவர்கள், டிஸ்க்குகளை லாரி கணக்கில் வாங்கும் நிறுவனங்கள். கூகுளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து எழுதிய ஆய்வு 2007-ல் வெளியானது. சோதனையில் முதல் படிப்புப் பிழை தெரிந்த டிஸ்க், அப்படி எதுவும் இல்லாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்றது அது. ஒரே ஒரு பிழைதானே என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த எண்ணை இன்னொரு முறை படிக்கலாம்.

அதே ஆய்வில் மறுபக்கமும் இருக்கிறது. செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர வேறெந்த ஸ்மார்ட் எண்ணிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. ஆன்லைன் பேக்கப் நிறுவனமான பேக்பிளேஸ் 2016-ல் சொன்ன கணக்கும் ஏறக்குறைய இதே பக்கம் கைகாட்டுகிறது. பெட்டிச் செய்தியில் உள்ள முதல் ஐந்து எண்களில் ஒன்றாவது சுழியத்துக்கு மேல் இருந்தவை, செயலிழந்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதம்; ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதம்தான். எண் ஏறினால் பயப்படக் காரணம் உண்டு. ஏறாவிட்டால் நிம்மதிக்குக் காரணம் இல்லை.

அந்த முதல் ஒரு மணி நேரம்

நகல் நின்றுபோனதும் பெரும்பாலோர் செய்வது ரீஸ்டார்ட். அடுத்தது செக்டிஸ்க். இரண்டாவதுதான் ஆபத்து.

செக்டிஸ்க் டாஸ் காலத்திலிருந்து வரும் கருவி. ஆர் என்ற எழுத்தைச் சேர்த்து ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடங்களை ‘இனி இங்கே எழுதாதே’ என்று குறித்துவைக்கும். நல்ல டிஸ்க்கில், கரண்ட் போய்க் குழம்பிய ஃபைல் அமைப்பைச் சீராக்குவதற்கு உருப்படியான கருவிதான். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அது இரண்டு வகையில் கெடுக்கும். பலவீனமான ஹெட்டை, காயம்பட்ட பகுதியின் மேலேயே மணிக்கணக்கில் ஓடவிடும். நல்ல பகுதியிலிருந்து தகவலை எடுக்கக் கிடைத்த நேரம் அதில் கரையும். அது மட்டுமில்லாமல், அதன் அக்கறை ஃபைல் அமைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில்தான். ஃபைல்கள் பிழைக்க வேண்டும் என்பதில் இல்லை. ஒரு ஃபோல்டரின் குறிப்பு படிக்க முடியாத செக்டரில் இருந்தால், அந்தக் குறிப்பையே அழித்துவிட்டு அமைப்பைச் ‘சரி’ செய்யும். அதிலிருந்த படங்கள் பெயரிழந்து, ஃபவுண்ட் என்ற தனி ஃபோல்டரில் எண்களாகக் கிடக்கும், அல்லது கிடக்காது.

இதில் ஒரு பொறியும் உண்டு. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் விண்டோஸ் தானாகவே செக்டிஸ்க்கை ஆரம்பிக்கும். தவிர்க்க ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில விநாடி அவகாசம் தரும். டீ குடிக்க எழுந்து போகிறவருக்கு அந்தச் சில விநாடிகள் கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியது சின்னது. நகலை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி, கேபிளை மாற்றி, இன்னொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காகப் பொருத்தி ஸ்மார்ட் எண்களைப் பார்க்கலாம். அதே டிஸ்க்கில் ரெக்கவரி மென்பொருளை இறக்கி நிறுவுவதைப் போன்ற தப்பு வேறில்லை. அழிந்த ஃபைலைத் தேடும் கருவியே அந்த ஃபைலின் மேல் போய் உட்கார்ந்துவிடும்.

சுலபமானது முதலில், முரண்டு பிடிப்பது கடைசியில்

சாகும் டிஸ்க்கிலிருந்து ஃபோல்டர் ஃபோல்டராக நகலெடுப்பது நல்ல வழியல்ல. ஃபைல்கள் தட்டில் அங்கங்கே சிதறியிருக்கும், ஹெட் தாவித் தாவி ஓடும், முதல் காயத்திலேயே எல்லாம் நின்றுவிடும். டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை அப்படியே படியெடுப்பதே தொழில் தெரிந்தவர்கள் செய்வது. அதற்கு அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி ஓட்டலாம். பொருத்திய டிஸ்க்கில் கேட்காமல் எதையாவது எழுதிவைக்கும் விண்டோஸின் பழக்கத்திலிருந்து தப்பிக்க இதுவும் ஒரு வழி.

அதன் சாமர்த்தியம் வேலை செய்யும் வரிசையில் இருக்கிறது. முதல் சுற்றில் பெரிய துண்டுகளாக வேகமாகப் படிக்கும். எங்காவது தடுக்கினால் போராடாமல் அந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கும். திரும்பவும் தடுக்கினால் இன்னும் தூரமாகக் குதிக்கும். இப்படி, சேதமில்லாத பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே பத்திரமாகிவிடும். பிறகு விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி, இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி நெருங்கும். அதன்பின் நடுவில் மிஞ்சியதைச் செக்டர் செக்டராகச் சுரண்டும். எத்தனை முறை மறுபடி முயல்வது என்பதைக் கடைசியில் நாம் சொல்லலாம். எது கிடைத்தது, எது பாக்கி என்ற கணக்கை மேப்ஃபைல் என்ற தனி ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். டிஸ்க் சூடேறினால் நிறுத்தலாம், நாளைக் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த ஃபைல் இல்லாமல் ஆரம்பித்தால் பாதி பலன் போச்சு.

கட்டளையில் முதலில் வருவது மூலம், அடுத்தது இலக்கு. இடம் மாறிவிட்டால் காலி டிஸ்க்கின் வெறுமை படங்களின் மேல் எழுதப்படும். டிஸ்க்கின் லேபிளில் உள்ள சீரியல் எண்ணைத் திரையில் தெரியும் எண்ணோடு வைத்துப் பார்த்த பிறகுதான் என்டரைத் தொட வேண்டும். இலக்கு டிஸ்க் மூலத்தின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். செக்டிஸ்க் ஆனாலும், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் ஆனாலும், இனிமேல் எந்தச் சோதனையும் நகலின் மேல்தான். முடிந்தால் நகலின் நகலில். அங்கே தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம்.

200 செக்டர் போனால் என்ன போகும்?

ஒரு டிபி டிஸ்க்கில் கடைசிவரை 200 செக்டர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், மொத்த இழப்பு சுமார் 800 கேபி. ஒரு சாதாரண போட்டோவைவிடச் சின்னது. ஆனால் இழப்பின் அளவை விட, அது விழுந்த இடம்தான் கணக்கு.

8 எம்பி அளவுள்ள ஜேபெக் படம் ஏறத்தாழ 2,000 செக்டரில் பரவியிருக்கும். அதில் நடுவே ஒன்று போனால், படம் திறக்கும். மணப்பெண்ணின் முகம் வரை சரியாக இருந்து, கழுத்துக்குக் கீழே நிறம் மாறியோ நகர்ந்தோ சாம்பலாகவோ கிடக்கும். வெட்டி எடுத்தால் ஆல்பத்துக்கு ஆகலாம். எம்பி4 வீடியோவில் நடுவே போனால் ஒரு விநாடி கட்டம் கட்டமாகத் தெறித்துவிட்டு ஓடும். அதே வீடியோவின் அட்டவணைப் பகுதி போனால் இரண்டு மணி நேர வரவேற்பும் திறக்காது. கேமராக்கள் பலவும் அந்த அட்டவணையை ஃபைலின் கடைசியில் எழுதுவதால், அது தனியாக மாட்டிக்கொள்வது உண்டு. கடிதமோ கதையோ சாதாரண எழுத்து ஃபைலாக இருந்தால் சில பத்திகள் மட்டும் போகும். கடையின் கணக்கு மென்பொருளில் டேட்டாபேஸின் முக்கியப் பக்கம் ஒன்று போனால், மீதி 99 சதவீதமும் இருந்தும் ‘திறக்க முடியவில்லை’ என்ற செய்தியே வரும்.

எல்லாவற்றையும் விட மோசமான இடம் ஃபைல்களின் பதிவேடு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் எந்தப் பெயருள்ள ஃபைல் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் மாஸ்டர் ஃபைல் டேபிளில் இருக்கும். அது சிதைந்தால் படங்கள் தட்டில் பத்திரமாக இருந்தும் அனாதைகளாகிவிடும். அப்போது கைகொடுப்பது, கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக். பதிவேட்டைப் பார்க்காமல், ஜேபெக் இப்படித் தொடங்கும், வீடியோ இப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்தே டிஸ்க் முழுக்கத் தேடும். பெயர், தேதி, ஃபோல்டர் எதுவும் மிஞ்சாது. எஃப் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் போட்ட ஆயிரக்கணக்கான படங்கள் குவியும். எது எந்தக் கல்யாணம் என்று பிரிப்பதற்கு ஒரு வாரம் உட்கார வேண்டியிருக்கும். படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைத்த நாளும் நேரமும் பெரும்பாலும் தப்பித்திருக்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பெட்டிச் செய்தி: விண்ணிலிருந்து விழுந்த டிஸ்க்

2003 பிப்ரவரி 1-ல் பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா விண்ஓடம் சிதறியது. ஏழு விண்வெளி வீரர்களும் உயிரிழந்தனர். சிதறல்களில் கிடைத்தவற்றுள் ஒன்று, செனான் வாயுவின் பாகுநிலையை ஆராய்ந்த பரிசோதனையின் ஹார்டு டிஸ்க். வெளியே பிளாஸ்டிக் உருகியிருந்தது, உள்ளே மண் புகுந்திருந்தது. க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனம் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிஸ்க் கூட்டில் பொருத்தி, சுமார் 99 சதவீதத் தகவலை மீட்டது. ஆய்வு முடிவு 2008-ல் வெளியானது. தட்டின் சேதமடைந்த பகுதியில் தகவல் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். அந்த டிஸ்க்கைக் கட்டுப்படுத்தியது பழைய டாஸ். தகவலை அங்கங்கே சிதறடிக்காமல் ஒரே பக்கமாக எழுதிவைத்திருந்தது.

வீட்டு வைத்தியம் எங்கே நிற்க வேண்டும்?

கடக் கடக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வருகிறது, பயாஸில் டிஸ்க்கே தெரியவில்லை, ஒரு டிபி டிஸ்க் சுழியம் என்று காட்டுகிறது, கீழே விழுந்தது, தண்ணீரில் நனைந்தது. இவற்றில் எதற்கும் மென்பொருள் மருந்தில்லை. ஹெட் ஒடிந்திருந்தால் தட்டு சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் பூச்சைச் சீவிக்கொண்டிருக்கும். அணைத்துவைப்பது ஒன்றே சிகிச்சை.

ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்ற வைத்தியத்தை இன்னும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மிகப் பழைய டிஸ்க்குகள் சிலவற்றில் அது பலித்திருக்கலாம். இன்றைய தட்டில், வெளியே எடுத்ததும் படியும் ஈரத்தின் ஒரு துளியே ஹெட்டுக்கு எமன். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். சர்க்யூட் போர்டை மட்டும் அதே மாடலிலிருந்து மாற்றும் உத்தியும் இப்போது அப்படியே பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்ற தனி அளவுகள் அந்த போர்டின் சில்லில் எழுதப்பட்டிருக்கும்; சில்லையும் பெயர்த்து மாற்ற வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நனைந்த கம்ப்யூட்டர்கள் ஏராளம். வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்ப்பது இயல்பாக வரும் யோசனை. ஆனால் காயும் தண்ணீர் தட்டில் உப்பையும் சேற்றையும் விட்டுவிட்டுப் போகும். ஈரத்தோடேயே உறையில் போட்டு ரெக்கவரி ஆய்வகத்தில் கொடுப்பதுதான் சரி.

டிஸ்க்கைத் திறந்து ஹெட் மாற்றுவதற்குத் தூசற்ற அறையோ மேடையோ வேண்டும். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறைத் தாண்டாத சூழல் அது. அதே மாடல், பல சமயம் அதே தொழிற்சாலை, நெருங்கிய தயாரிப்புத் தேதி என்று பொருந்தும் இன்னொரு டிஸ்க்கைப் பலிகொடுத்து ஹெட்டை எடுப்பார்கள். கட்டணம் டிஸ்க் விலையின் பல மடங்காவது அதனால்தான். சென்னை ரிச்சி தெருவானாலும் வேறெந்த ஊர்க் கடையானாலும், கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. டிஸ்க்கை எங்கே வைத்துத் திறப்பார்கள், தகவல் கிடைக்காவிட்டால் என்ன கட்டணம், முதலில் முழு நகல் எடுப்பார்களா அல்லது நேராக டிஸ்க்கிலேயே வேலை பார்ப்பார்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே கடையின் தரம் தெரிந்துவிடும். ஒருவர் திறந்து பார்த்துக் கைவிட்ட டிஸ்க்கில் அடுத்தவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

தேறிய டிஸ்க்கை மறுபடி நம்பலாமா?

தகவல் பத்திரமான பிறகு வைத்தியம் செய்து பார்ப்பதில் தப்பில்லை. டிஸ்க் முழுக்கச் சுழியங்களை எழுதி, பிறகு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டலாம். 197 சுழியத்துக்கு இறங்கி, 5 ஏறாமல் நின்றால் அது கரண்ட் போனதால் வந்த பொய்ப் பழுதாக இருக்கலாம். போனாலும் பரவாயில்லை என்கிற சினிமா, பாட்டு வைத்துக்கொள்ளலாம். 5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் காயலான் கடைக்கு. ‘லோ லெவல் ஃபார்மட்’ போட்டுச் சரிசெய்தேன் என்று கடைக்காரர் சொன்னால், அவர் செய்தது பெரும்பாலும் இந்தச் சுழிய நிரப்பல்தான். உண்மையான லோ லெவல் ஃபார்மட் இன்று தொழிற்சாலைக்குள் மட்டும் நடக்கும் காரியம். கெட்ட பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியில் பார்ட்டிஷன் போடும் பழைய உத்தியும் உண்டு. துகள் பார்ட்டிஷன் எல்லையைப் பார்த்துச் சுற்றுவதில்லை.

பெட்டிச் செய்தி: புதுப் பெட்டியில் பழைய டிஸ்க்

2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ செய்தித் தளம் ஒரு மோசடியை வெளிக்கொண்டு வந்தது. புதிது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் சில, ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை. ஸ்மார்ட் எண்களை யாரோ சுழியமாக்கியிருந்தார்கள். அந்த டிஸ்க்குகளுக்குள் ஃபார்ம் என்ற பெயரில் தனியாக இருக்கும் இன்னொரு பதிவை மாற்ற மறந்ததால் குட்டு உடைந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடித் தேய்ந்தவை அவை என்று சந்தேகம் எழுந்தது. மலிவாகக் கிடைக்கும் ‘ரீஃபர்பிஷ்டு’ டிஸ்க்கில் ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருப்பதால் மட்டும் டிஸ்க் சுத்தம் என்றாகிவிடாது.

எஸ்எஸ்டிக்கு மாறினால் தீருமா?

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை, டிக் சத்தமும் இல்லை. அதனால் முன்னெச்சரிக்கையும் பல சமயம் இல்லை. உள்ளே கட்டுப்படுத்தும் சில்லு கெட்டால், நேற்றுவரை ஓடியது இன்று பயாஸில்கூடத் தெரியாது. அழித்த ஃபைலை மீட்பதும் கடினம். டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை உடனே காலியாக்கச் சொல்லிவிடும். வேகத்துக்கு எஸ்எஸ்டி சரி. பேக்கப் வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு இன்றும் செல்லும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரிலோ கிளவுடிலோ. ஸ்டுடியோக்கள் பலவும் கோட்டைவிடுவது இங்கேதான். எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் அது பேக்கப் ஆகாது, ஒரே பிரதி வீடு மாறியிருக்கிறது. கிளவுடோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டரும் தனியாகப் போதாது. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும், இங்கே சிதைந்த படம் அங்கேயும் சிதைந்தே போய்ச் சேரும்.

கழித்துக்கட்டும் டிஸ்க்கைப் பழைய பொருள்காரரிடம் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சாதாரண அழிப்பு மென்பொருள், டிஸ்க் வெளியே காட்டும் செக்டர்களில் மட்டுமே எழுதும். உதிரிக்கு இடம் விட்டு ஒதுங்கிய செக்டர்கள் அதன் கைக்கு எட்டாது. டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் செக்யூர் எரேஸ் கட்டளையின் விரிவான முறை அவற்றையும் தொடும். கண்ணாடித் தட்டானால் ஓர் அடியில் நொறுங்கிவிடும், அலுமினியமானால் துளைபோட வேண்டும். அதுவரை, படிக்க முடியாது என்று டிஸ்க் கைவிட்ட அந்தச் சின்ன இடத்தில் தாலி கட்டும் படத்தின் ஒரு துண்டு கிடக்கக்கூடும்.